வயலுக்குக் கீழே நிலக்கரி... அதற்குள் என்ன இருக்கிறது? கண்டுபிடிக்க வழி செய்த கே.எஸ்.கிருஷ்ணன் யார்?

நீடாமங்கலம் ரயில் நிலையம் என்றாலே டெல்டாக்காரர்களுக்கு நெல் மூட்டையும் சரக்கு ரயிலும்தான் ஞாபகம் வரும். அந்த நெல் விளையும் வட்டாரத்தில், பூமிக்கு அடியில் பல நூறு அடி ஆழத்தில் மன்னார்குடி பழுப்பு நிலக்கரிப் படுகை பரந்து கிடக்கிறது. 2023 ஏப்ரலில் வடசேரி உள்ளிட்ட மூன்று இடங்கள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இருப்பது தெரியவர, டெல்டா கொதித்தது. சில நாட்களிலேயே அந்த மூன்றும் நீக்கப்பட்டன. எத்தனை டன், எத்தனை ஏக்கர் என்றெல்லாம் அப்போது பேசினோம். அந்தக் கரி எதனால் ஆனது என்பது அதிகம் பேசப்படாத விஷயம்.

அதைக் கண்டறிய இன்று வேதியியலாளர்கள் கையில் இருக்கும் முக்கியமான கருவி என்.எம்.ஆர், அதாவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. ஸ்கேன் சென்டரில் எடுக்கும் எம்.ஆர்.ஐ-க்கும் அடிப்படை இதுவே. அந்தக் கருவி நிலக்கரியில் எதைப் பிரித்துக் காட்டுகிறதோ, அதற்குப் பின்னால் உள்ள காந்த குணத்தை கருவி பிறப்பதற்கு முன்பே அளந்து வைத்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். ராமன் விளைவில் ராமனுக்கு உதவியவர் என்ற ஒற்றை வரியிலேயே பல இடங்களில் இவர் கதை முடிந்துவிடுகிறது.

வத்திராயிருப்பில் இருந்து கல்கத்தா வரை

1898 டிசம்பர் 4-ம் தேதி, இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்தார். அப்பா விவசாயி, கூடவே தமிழும் சமஸ்கிருதமும் அறிந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்தது இயற்பியல், கிடைத்த வேலையோ வேதியியல் துறையில். மதிய சாப்பாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்று வைத்திருந்தார். பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வர ஆரம்பித்தார்களாம்.

1920-ல் கல்கத்தா போனார். 1923-ல் சி.வி.ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1928 தொடக்கத்தில் ராமன் விளைவுக்கான சோதனைகளைச் செய்ததில் பெரும்பங்கு இவருடையது. 1930-ல் நோபல் ராமனுக்கு மட்டும் கிடைத்தது. இந்த விவகாரத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

பாச்சை உருண்டையும் நூலும்

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போன கிருஷ்ணன், அங்கே கையில் எடுத்த கேள்வி எளிமையானது. ஒரு படிகத்தைக் காந்தத்துக்கு நடுவில் வைத்தால், எல்லாத் திசையிலும் அது ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளுமா?

சின்னப் படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். மேலே இழையை மெதுவாக முறுக்குவார். காந்தப்புலம் பிடித்து வைத்திருப்பதால் படிகம் அவ்வளவு சுலபத்தில் திரும்பாது. குறிப்பிட்ட ஒரு கோணத்தைத் தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணம் தெரிந்தால் போதும், திசைக்குத் திசை காந்த குணம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். பானர்ஜி என்ற சகாவுடன் சேர்ந்து அவர் செம்மைப்படுத்திய முறை இது. செலவு குறைவு, துல்லியம் அதிகம்.

அவர் அளந்தவற்றில் நாப்தலீன், ஆந்த்ரசீன் படிகங்களும் உண்டு. பீரோவில் துணிக்கு நடுவே போடும் பாச்சை உருண்டைதான் நாப்தலீன். இரண்டுமே நிலக்கரித் தாரில் இருந்து எடுக்கப்பட்டவை. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய தட்டையான மூலக்கூறுகள் இவை. தட்டின் முகத்துக்கு நேராகக் காந்தப்புலம் வரும்போது எதிர்ப்பு மிக அதிகம், பக்கவாட்டில் வந்தால் குறைவு என்பது அளவுகளில் தெரிந்தது. அதை வைத்தே படிகத்துக்குள் தட்டுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்றும் சொன்னார். எக்ஸ்-கதிர் படிகவியலில் பெயர் பெற்ற கேத்லீன் லான்ஸ்டேலுடன் இதுபற்றி 1936-ல் கூட்டாக ஆய்வுக் கட்டுரை எழுதினார். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டையும் விடவில்லை. அதில் இந்த வித்தியாசம் பல பத்து மடங்கு.

காரணம் என்ன? வளையத்தில் எலெக்ட்ரான்கள் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. காந்தப்புலம் பட்டதும் வளையத்தைச் சுற்றி ஓடுகின்றன. 1936, 1937-ல் லைனஸ் பாலிங்கும் ஃபிரிட்ஸ் லண்டனும் இதற்குக் கோட்பாடு வகுத்தார்கள்.

சரி, நிலக்கரிக்கு என்ன சம்பந்தம்?

1945-46-ல் அமெரிக்காவில் என்.எம்.ஆர் கண்டறியப்பட்டது. காந்தப்புலத்தில் வைத்த ஹைட்ரஜன் அணுக்கரு எந்த ரேடியோ அலைக்கு அசைகிறது என்று பார்ப்பதுதான் முறை. வளையத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் ஒரு இடத்திலும், சங்கிலி போன்ற பகுதியில் இருப்பது வேறொரு இடத்திலும் சிக்னல் தருகிறது. ஏன் இந்த இடைவெளி? வளையத்தைச் சுற்றி ஓடும் அதே எலெக்ட்ரான் ஓட்டம்தான் காரணம் என்று 1956-ல் ஜான் போப்பிள் விளக்கினார். கிருஷ்ணன் இழையில் தொங்கவிட்டு அளந்ததும் இதே ஓட்டத்தின் விளைவைத்தான்.

நிலக்கரிக்கு ஒரே வாய்பாடு கிடையாது. வளையங்களும் சங்கிலிகளும் தாறுமாறாகப் பின்னிய பொருள் அது. இரண்டும் தனித்தனி சிக்னல் தருவதால், எது எவ்வளவு என்று எண்ண முடிகிறது. 1960-ல் பிரிட்டனில் பிரவுன், லாட்னர் இருவரும் நிலக்கரியில் இருந்து கிடைத்த பொருட்களில் ஹைட்ரஜன் பிரிந்திருக்கும் விதத்தை இப்படிக் கணக்கிட்டு, கார்பனில் எவ்வளவு பங்கு வளையங்களில் இருக்கிறது என்று காட்டினார்கள். 1970-களில் கரித்துண்டைக் கரைக்காமலே கார்பனை நேரடியாகப் பார்க்கும் வசதியும் வந்தது.

கிருஷ்ணன் நிலக்கரி ஆராய்ச்சி செய்தவர் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1946-ல் சர் பட்டம், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1954-ல் பத்ம பூஷண் என்று அவர் வழி வேறு பக்கம் போனது. பிரவுன்-லாட்னர் கட்டுரை வந்த அடுத்த ஆண்டு, 1961 ஜூன் 14-ல் காலமானார்.

பழுப்பு நிலக்கரியை என்.எம்.ஆரில் வைத்தால், முதிர்ந்த கரியில் உள்ள அளவுக்கு வளையங்கள் இருக்காது. ஆக்ஸிஜன் ஒட்டிய பகுதிகள் நிறைய தெரியும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினின் மிச்சம்கூட தனி சிக்னலாக நிற்கும். ஆந்த்ரசைட் என்ற முதிர்ந்த கரியில் அது இருக்காது. அங்கே கார்பனில் 10-க்கு 9 பங்குக்கு மேல் வளையங்களில்தான்.