பரிசு பெறாத பேரறிஞர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1875-ஆம் ஆண்டு பிறந்தவர் கில்பர்ட் லூயிஸ். அணுக்கள் எலக்ட்ரான் இரட்டைகளைப் பகிர்ந்துகொண்டு பிணைகின்றன என்று 1916-இல் எடுத்துரைத்தார். நாம் வேதியியல் ஏட்டில் இடும் இரட்டைப் புள்ளிகள் அவர் தந்தவையே. அவ்விரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதாலேயே மூலக்கூறுகள் வடிவம் பெறுகின்றன எனப் பின்வந்தோர் கண்டனர். நீரில் ஆக்சிஜனைச் சூழ்ந்துள்ளவை நான்கு இரட்டைகள். அவற்றுள் இரண்டே ஹைட்ரஜனைப் பிணைப்பவை. ஆகவே நீர் மூலக்கூறு நேர்கோடாக இராமல் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்துள்ளது.

நாற்பது முறைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டும் லூயிசுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. அவர் தலைமையில் பெர்க்லியில் பயின்ற யூரே, ஜியோக், சீபோர்க் ஆகியோர் அதைப் பெற்றனர். 1946-இல் ஆய்வுக்கூடத்திலேயே அவர் உயிர் நீத்தார். ஏட்டில் இரு புள்ளிகள் இடும்போதெல்லாம் நாம் அவரை நன்றியோடு நினைவுகூர்வோமாக!