ஏ. கே. செட்டியார்

ஏ. கே. செட்டியார் (நவம்பர் 4, 1911 - செப்டம்பர் 10, 1983) தமிழ் இதழாளர், பயண எழுத்தாளர், ஆவணப்பட இயக்குநர் ஆவார். இவரது இயற்பெயர் அ. இராம. அ. கருப்பன் செட்டியார். மகாத்மா காந்தியைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுத்த முன்னோடி. குமரி மலர் என்னும் இதழை 1943 ஆம் ஆண்டு தொடங்கி, இடைவெளிகளுடன் தம் இறுதிக்காலம் வரை நடத்தினார். தமிழில் பயண இலக்கியத்தைத் தனித்துறையாக நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

செட்டியார் இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள கோட்டையூரில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக் கல்வியைத் திருவண்ணாமலையில் பெற்றார். வணிகத்தின் பொருட்டுப் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குச் செல்வது அச்சமூகத்தாரிடையே வழக்கமாயிருந்தது. செட்டியாரும் இளமையிலேயே பர்மாவுக்குச் சென்றார். ஆயினும் அவர் அங்கு ஈடுபட்டது வட்டித்தொழிலில் அன்று. இரங்கூனிலிருந்து வெளிவந்த தனவணிகன் இதழின் ஆசிரியப் பொறுப்பில்.

1930களின் நடுப்பகுதியில் ஜப்பான் சென்று தோக்கியோவில் ஒளிப்படக் கலை பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று 1937 இல் நியூயார்க்கில் அதே துறையில் மேற்பயிற்சி பெற்றார். பேசும் படங்கள் தமிழில் வரத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், திரைப்பட நுட்பத்தைக் கதைப்படங்களுக்கு அன்றி ஆவணப்படத்திற்குப் பயன்படுத்த முனைந்தது இவரது தனித்தன்மை எனலாம்.

காந்தி ஆவணப்படம்

1937 அக்டோபர் 2 அன்று செட்டியார் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியின் பிறந்தநாள். காந்தியின் வாழ்க்கையைப் படமாக்கும் எண்ணம் அப்பயணத்தில்தான் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு 26 அகவை நிறையவில்லை. திரைப்படம் எடுத்த முன்னனுபவமோ பெரும் பொருள்வளமோ அவரிடம் இருக்கவில்லை. இந்தியா திரும்பிய பின் டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்னும் நிறுவனத்தை அமைத்து வேலையைத் தொடங்கினார்.

காந்தியைப் புதிதாகப் படம்பிடிப்பதைவிட, ஏற்கெனவே பிறர் எடுத்த படச்சுருள்களைத் தேடிச் சேர்ப்பதே இம்முயற்சியின் பெரும்பகுதியாக அமைந்தது. 1930 ஆம் ஆண்டின் உப்பு யாத்திரையை இந்தியப் படப்பிடிப்பாளர்கள் பலர் படமெடுத்திருந்தனர். அப்படங்களை ஆங்கில அரசு தடை செய்திருந்தது. 1931 இல் வட்டமேசை மாநாட்டிற்காகக் காந்தி இலண்டன் சென்றபோது வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்கள் அவரைப் படம்பிடித்தன. இவ்வாறு பல நாடுகளில் சிதறிக்கிடந்த துண்டுகளைத் தேடிச் செட்டியார் ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயணம் செய்தார். ஏறத்தாழ 3 ஆண்டுகளில் அவர் கடந்த தொலைவு 1,00,000 மைல் எனக் கணக்கிடப்படுகிறது. 30 ஆண்டுக்காலத்தில் ஏறத்தாழ 100 படப்பிடிப்பாளர்கள் எடுத்த 50,000 அடி நீளப் படச்சுருள் இவ்வாறு சேர்ந்தது. புதிதாக எடுக்க வேண்டிய காட்சிகளுக்கு ஆவணப்பட ஒளிப்பதிவாளர் பி. வி. பதி உதவினார்.

பேசும் படத்தின் 35 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடுவது. அவ்வகையில் 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்திற்கும் மேற்பட்ட படம். அதிலிருந்து 12,000 அடி அளவுக்குப் படம் தொகுக்கப்பட்டது. ஊமைப்படக் காலத்துச் சுருள்கள் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை ஆதலால் பேசும் படக் கருவியில் இயல்புக்கு மாறாக விரைந்து ஓடும். மேலும், அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடிய நைட்ரேட்டு வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுவருவதே பெரும்பாடு.

தமிழ் விளக்கவுரையுடன் கூடிய படம் 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்சி திரையரங்கில் வெளியிடப்பட்டது. பின்னர்த் தெலுங்கு விளக்கவுரையுடனும் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. காங்கிரசு அமைச்சரவைகள் 1939 இலேயே பதவி விலகியிருந்தன. போர்க்காலக் கெடுபிடிகளுக்கிடையே படம் நெடுநாள் திரையில் நிலைக்கவில்லை. விடுதலைக்குப் பின்னரே இந்தி வடிவம் தில்லியில் திரையிடப்பட்டது. 1953 இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாக்கப்பட்டது. அதற்கு இதழாளர் குவென்டின் ரெனால்ட்சு விளக்கவுரை வழங்கினார்.

குமரி மலர்

கட்சி, நிறுவனம் எதனையும் சாராது தனியொருவர் நடத்திய இதழ்களுள் குமரி மலருக்குச் சிறப்பான இடம் உண்டு. கதைகளும் திரைப்படச் செய்திகளுமே இதழ்களின் விற்பனையைத் தீர்மானித்த காலத்தில், செட்டியார் கட்டுரைகளையே முதன்மையாக வெளியிட்டார். வரலாறு, பயணம், கலை, நாட்டு நடப்பு எனப் பொருள்கள் விரிந்தன. பிற்காலத்தில் பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்துகிடந்த எழுத்துக்களைத் தேடியெடுத்து மறுபதிப்பிடுவது இதழின் முக்கியப் பணியாயிற்று. சுப்பிரமணிய பாரதியின் அரிய எழுத்துக்கள் சிலவும் இவ்வாறு வெளிவந்தன. உலகெங்கும் படச்சுருள்களைத் தேடிய அதே முறையை நூலகங்களில் பழந்தாள்களிடம் கையாண்டார் எனலாம். பரவலான விற்பனை இவ்விதழுக்கு என்றும் இருந்ததில்லை. எனினும் தமிழ்ச் சமூக வரலாற்றை ஆராய்வோர்க்கு இதன் பழைய தொகுதிகள் இன்றியமையாதவை.

இதழில் ஆசிரியர் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. விளம்பரத்தை விரும்பாத இயல்பினரான செட்டியாரின் ஒளிப்படங்கள் அரிதாகவே காணப்படுகின்றன. ஒளிப்படக்கலை கற்றவர் ஒருவருக்கு இது வியப்பான நிலை.

பயண எழுத்து

ஜப்பான், உலகம் சுற்றும் தமிழன், பிரயாண நினைவுகள், மலேயா முதல் கனடா வரை, கரிபியன் கடலும் கயானாவும், குடகு முதலியன இவரது பயண நூல்கள். இவற்றுள் உலகம் சுற்றும் தமிழன் என்பது நாளடைவில் இவருக்கே அடைமொழியாகிவிட்டது. சிறு சிறு வாக்கியங்கள், அடங்கிய நகைச்சுவை, புகழ்பெற்ற கட்டடங்களைவிட வழியில் கண்ட எளிய மனிதர்மீது மிகுந்த கவனம் ஆகியவை இவரது நடையின் இயல்புகள். ஒரு நாட்டைப் பற்றித் தீர்ப்பு வழங்குவதைப் பெரும்பாலும் தவிர்த்தார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று எழுதியவை குறிப்பிடத்தக்கவை. மொழியை இழந்தும் வழிபாட்டு மரபுகளைக் கைவிடாத மக்களை அங்கு அவர் கண்டார்.

தம் பயணங்களோடு நில்லாமல், பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டித் தமிழ்நாடு என்னும் தொகுப்பையும் 1968 இல் வெளியிட்டார். மாட்டுவண்டிக் காலத்துத் தமிழகத்தை அறிய இது நல்ல வாயில்.

மறைவும் பின்னரும்

செட்டியார் 1983 செப்டம்பர் 10 அன்று சென்னையில் காலமானார். பிறர் எழுத்துக்களையும் படங்களையும் அழியாமற் காத்த இவரது சொந்தப் படத்தின் தமிழ்ப் பிரதிகள் பேணப்படாமல் காணாமற்போயின. 1953 ஆம் ஆண்டின் ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் இருப்பது கண்டறியப்பட்டது. படம் உருவான கதையைச் செட்டியார் கட்டுரைகளாக எழுதியிருந்தார். அவற்றை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து அண்ணல் அடிச்சுவட்டில் என்ற தலைப்பில் 2003 இல் பதிப்பித்தார். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2006 இல் வெளிவந்தது.