சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடரும் பின்னங்கள் ஆகிய துறைகளில் அரிய முடிவுகளைக் கண்டறிந்தவர். உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வே இவருக்குப் பட்டம் பெற்றுத் தந்தது.

இளமையும் கல்வியும்

ஈரோட்டில் பிறந்த இராமானுசன் கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியிருந்தமையால் கல்லூரியில் பிற பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. பட்டப்படிப்பு கைகூடாத நிலையில், 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

ஆய்வு உதவித்தொகை

1913 பெப்ரவரியில் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். கேம்பிரிட்சில் கணிதம் பயின்ற இவர் அப்போது இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்தார். பழனி மலையிலுள்ள கோடைக்கானல் சூரிய ஆய்வகமும் இவரது பொறுப்பில் இருந்தது. இராமானுசனின் குறிப்பேடுகளைக் கண்ட வாக்கர், அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1914 இல் ஹார்டியின் அழைப்பை ஏற்று இராமானுசன் இங்கிலாந்து சென்றார்.

உயர் பகு எண்கள்

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உள்ளன. 12 ஐ விடச் சிறிய எண் எதற்கும் ஆறு இல்லை. இத்தகைய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், 2 இலிருந்து இடைவெளியின்றி அடுத்தடுத்த பகா எண்கள் வரும். அவற்றின் அடுக்குகள் ஒருபோதும் ஏறுவதில்லை. 4, 36 ஆகியவை நீங்கலாக, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 ஆகும். இவற்றை இராமானுசன் 1915 இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்.

அக்கட்டுரையின் பட்டியல் 67,46,32,83,88,800 என்ற 13 இலக்க எண்ணுடன் முடிகிறது. இதன் காரணிகள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்குடனும் 1 ஐக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை 10,080 எனக் கிடைக்கும். கணிப்பொறி இல்லாக் காலத்தில் உருவான இப்பட்டியலில் 2,93,31,86,25,600 என்ற ஓர் எண் விடுபட்டுள்ளது. இதற்கு 5,040 வகுஎண்கள் உள்ளன. விடுபட்ட இவ்வெண்ணை 23 ஆல் பெருக்கினால் கிடைப்பது பட்டியலின் இறுதி எண்ணே ஆகும்.

பட்டமும் இறுதிக் காலமும்

இவ்வாய்வுக்காகக் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் இராமானுசனுக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் வழங்கியது. 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோயுற்ற நிலையில் 1919 இல் தாயகம் திரும்பி, சென்னை சேத்துப்பட்டில் தமது 32 ஆம் வயதில் காலமானார்.

இலண்டன் கணிதக் கழகத்தின் நிதி நெருக்கடியால் 1915 இல் அச்சேறாமல் நின்ற கட்டுரைப் பகுதி, 1997 இல் விளக்கக் குறிப்புகளுடன் ஆய்விதழில் வெளியானது.