அதிர்வை அடக்கிய லான்செஸ்டர்

எங்கள் ஒர்க் ஷாப் ஜீப்பில் எஞ்சின் போல்ட்டை எத்தனை தடவை இறுக்கினாலும் லூஸ் ஆயிடும். அப்போதுதான் ஃபிரடெரிக் லான்செஸ்டரைப் பற்றிப் படித்தேன்.

1868-ல் லண்டனில் பிறந்தவர். கல்லூரிக்குப் போயும் பட்டம் வாங்கவில்லை. 1896-ல் சொந்தமாகச் செய்த காரை ஓட்டினார். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் குலுக்கல் இரண்டு தடவை வரும். அதனால் இரு மடங்கு வேகத்தில், எதிரெதிராகச் சுழலும் இரண்டு தண்டுகளில் எடை வைத்து அதை அடக்கினார். அதுதான் பேலன்ஸ் ஷாஃப்ட்.

1946-ல் பணக் கஷ்டத்தோடு இறந்தார். 1970-ல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரப் பாலிடெக்னிக்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். பட்டமில்லாதவர் பெயரில் பாலிடெக்னிக்! டிப்ளமோதானே என்று இனி நான் கூச்சப்பட மாட்டேன்.

இப்போதெல்லாம் ஸ்பேனரை எடுக்குமுன் எந்த வேகத்தில் குலுங்குது, ரப்பர் மவுண்டிங் நைந்திருக்கா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.