ரோலண்டு டிரைமென்

திண்டுக்கல்லிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் எரியோட்டு வேலியோரங்களில் எருக்கஞ்செடிகளை ஏராளமாகக் காணலாம். மழை பொய்த்த ஆண்டிலும் எருக்கு வாடுவதில்லை. அதனைச் சுற்றித் திரியும் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியும் குறைவதில்லை. சென்ற விடுமுறையில் யான் அவற்றைக் கைப்பேசியிற் படம் பிடித்து, வீட்டிற்கு வந்து பெரிதாக்கி நோக்கினேன். ஒன்று மட்டும் ஏனையவற்றினின்று வேறுபட்டது. மற்றவற்றின் பின்சிறகில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருக்க, இதற்கு ஒன்றே இருந்தது. அது வேறோர் இனத்துப் பெண். எருக்கிலை தின்று வளரும் பூச்சி பறவைகளுக்குச் சுவைக்காது. ஆதலின் சுவையுள்ள இதுவும் அதன் கோலம் பூண்டு உயிர் பிழைக்கின்றது. இவ்விரு இனங்களும் ஆபிரிக்காவிலும் உண்டு. இத்தகைய வேடங்களின் உண்மையை அக்கண்டத்தில் ஆராய்ந்து நிலைநாட்டியவர் ரோலண்டு டிரைமென் என்பார்.

அவர் 1840ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். உடல்நலம் கருதி 1858ல் தென்னாபிரிக்காவின் கேப் நாட்டிற்கு அனுப்பப்பெற்றார். அங்குள்ள காட்சிசாலையின் தலைவராயிருந்த லேயார்டு என்பவர், அதற்கு முன் இலங்கையில் பல்லாண்டு பறவைகளை ஆராய்ந்தவர். அவரிடம் டிரைமென் வண்ணத்துப்பூச்சிகளை வகைப்படுத்தும் பணியைக் கற்றார். டிரைமெனின் தம்பி ஹென்றியும் பின்னாளில் இலங்கைக்கு வந்து, பேராதனைப் பூந்தோட்டத் தலைவராகி, அந்நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி எழுதிய பெருநூலிற் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் குறித்தார். தமிழ் பயில்வார் அந்நூலை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் தகும்.

வயிற்றுப் பிழைப்பிற்கு டிரைமென் அரசாங்க அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்தார். ஓய்வு நாட்களில் வலையுடன் மலைச்சரிவுகளிலும் காடுகளிலும் அலைந்தார். 1862ல் வெளிவரத் தொடங்கிய அவருடைய முதல் நூல் இங்ஙனம் ஒழிந்த நேரங்களில் உருவானதே.

அவர் பெயரை நிலைநிறுத்தியது ஒரு புதிர். அந்நாட்டுக் காடுகளில் வாலுள்ள சிறகும் வெளிறிய மஞ்சள் நிறமுங் கொண்ட அழகிய பூச்சி ஒன்று உண்டு. இன்று அதற்குப் பப்பிலியோ தார்தனஸ் என்று பெயர். ஆபிரிக்கப் பெருநிலத்தில் அகப்பட்டவை யாவும் ஆண்கள். பெண் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. அதே காடுகளில் வாலில்லாத வேறு மூவகைப் பூச்சிகள் இருந்தன. அவற்றைப் புலவர்கள் தனித்தனி இனங்கள் என எண்ணிப் பெயரிட்டிருந்தனர். அவற்றிலோ ஆணே அகப்படவில்லை! பெண்ணில்லாத ஓரினமும் ஆணில்லாத மூன்றினங்களும் ஒரே காட்டிலே வாழுமோ? நான்கும் ஓரினமே என்றும், பெண்கள் சுவையற்ற வெவ்வேறு பூச்சிகளின் கோலத்தை மேற்கொண்டன என்றும் டிரைமென் துணிந்தார். அம்மூன்றனுள் ஒருவகை, எங்கள் எருக்கஞ்செடியிற் காணும் அதே செம்மஞ்சட் பூச்சியின் சாயலுடையது.

அமேசான் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு பேட்ஸ் என்பார் இவ்வேடக் கொள்கையை வெளியிட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. டிரைமென் தம் கட்டுரையை 1868ல் இலண்டன் லின்னேயன் கழகத்தில் வாசித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. இங்கிலாந்தில் மிகப் பெரிய பூச்சித்தொகுதி உடையவராயிருந்த ஹியூவிட்சன் இதனை ஏளனம் செய்தார். மடகாஸ்கர் தீவில் இவ்வினத்துப் பெண் ஆணை ஒத்திருக்க, பெருநிலத்தில் மட்டும் ஓர் ஆணுக்குப் பலவேறு வடிவான பெண்கள் என்பதை அவர் ஏற்கவில்லை. அவர் வினா நியாயமானதே என்பது என் கருத்து, ஏளனந்தான் தகாதது.

டிரைமென் சொற்போரில் இறங்காமல் சான்று தேடினார். வீல் என்னும் நண்பர் ஒன்றுபோலிருந்த புழுக்களைச் சேர்த்து வளர்த்தார். கூடு கிழித்து வெளிவந்தவற்றில் வாலுள்ள மஞ்சள் ஆண்களும் இருந்தன. வாலில்லாத பெண்களும் இருந்தன. அச்செய்தியை டிரைமென் 1874ல் வெளியிட்டார். ஐயுற்ற ஹியூவிட்சனுக்கே அவருடைய ஆள் ஒருவர் ஆபிரிக்காவிலிருந்து கூடிய நிலையிற் பிடித்த இணையை அனுப்பினார் என்பது வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பன் நகரில் ஒரே தாயின் முட்டைகளிலிருந்து பலவகைப் பெண்களை வளர்த்துக் காட்டியபின் ஐயம் முற்றும் ஒழிந்தது.

நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் கருநிறப் பூச்சியின் பெண்களுட் சிலவும் இவ்வாறே செவ்வுடற் பூச்சிகளின் வேடம் தாங்குவன. அவ்வேடத்தை ஆள்வது ஒரே மரபணு என 2014ல் அறிஞர் காட்டினர். அக்குழுவில் பெங்களூரைச் சேர்ந்த குண்டேயும் ஒருவர்.

லேயார்டு விலகியபின் டிரைமெனே காட்சிசாலையின் தலைவரானார். டார்வினுக்குத் தென்னாபிரிக்க ஆர்க்கிட் மலர்களைப் பற்றிப் பல செய்திகளை எழுதியனுப்பினார். எல்லைப்புறப் படைத்தலைவர் பௌக்கரும், அவர் தமக்கையும் ஓவியம் வல்லவருமாகிய மேரி பார்பர் அம்மையாரும் அவருக்கு உற்ற துணைவராயினர். பௌக்கரின் உதவியோடு எழுதிய தென்னாபிரிக்க வண்ணத்துப்பூச்சிகள் என்னும் நூல் 1887 முதல் 1889 வரை மூன்று பகுதிகளாய் வெளிவந்தது. ஒளிப்படக் கருவி காட்டிற் பயன்படாத காலம் அது. ஒவ்வொரு புள்ளியையும் கோட்டையும் கண்ணாற் கண்டு சொல்லால் எழுதியாக வேண்டும். யான் ஒரு நொடியிற் பிடித்த படத்தில் மூன்று புள்ளிக்கும் ஒரு புள்ளிக்கும் உள்ள வேற்றுமையைக் காண இரண்டு நாள் ஆயிற்று.

முதுமையில் அவர் இங்கிலாந்து திரும்பினார். அரச கழகம் 1910ல் அவருக்கு டார்வின் பதக்கம் அளித்தது. 1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எப்சம் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.