மொட்டைத் தலையுடன் விண்வெளிக்குப் போன பம்பாய் அழகி

1978-ஆம் ஆண்டு ஹாலிவுட் ஒப்பனை அறை ஒன்றில் பெர்சிஸ் கம்பாட்டாவின் நீண்ட கூந்தல் முழுதாக மழிக்கப்பட்டது. முடி மறுபடியும் வளருமா என்ற கவலை அவருக்கு நிறையவே இருந்தது. ஆனாலும் தலையைக் கொடுத்தார். 'ஸ்டார் டிரெக்' முதல் திரைப்படத்தில் டெல்டா என்னும் வேற்றுக் கிரகத்துப் பெண்ணாக, இலியா என்ற கப்பல் அதிகாரியாக அவர் நடிக்க வேண்டியிருந்தது.

பெர்சிஸ் 1948 அக்டோபர் 2-ஆம் தேதி பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 1965-இல் இந்திய அழகிப் பட்டம் பெற்று, அதே ஆண்டு பிரபஞ்ச அழகிப் போட்டிக்கும் சென்றார். கே. ஏ. அப்பாஸின் இந்திப் படம் ஒன்றில் நடித்துவிட்டு இங்கிலாந்து போனார். 1975-இல் சிட்னி பொய்ட்டியர், மைக்கேல் கெய்ன் ஆகியோருடன் 'தி வில்பி கான்ஸ்பிரசி'யில் நடித்தார். தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பற்றிய படம் அது.

ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடர் 1966-இல் தொடங்கியபோதே கப்பலில் கறுப்பினப் பெண் ஒருவரும் ஜப்பானிய வம்சாவளி நடிகர் ஒருவரும் அதிகாரிகளாக இருந்தனர். பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மனிதன் விண்வெளிக்குப் போனால் வெள்ளையர் மட்டுமா போவார்கள்? கதை நம்பும்படி இருக்க வேண்டுமென்றால் எல்லா இனத்தவரும் வேண்டும் என்பது அதை உருவாக்கிய ஜீன் ராடன்பரியின் எண்ணம்.

பெர்சிஸ் முதலில் ஒப்பந்தமானது ஒரு புதிய தொடருக்குத்தான். திட்டம் மாறி, ராபர்ட் வைஸ் இயக்கத்தில் 1979-இல் திரைப்படமாக வந்தது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பெண்ணுக்கு முக்கிய வேடம் கிடைத்தது உண்மை. ஆனால், இந்தியராக அல்ல, வேற்றுக் கிரகவாசியாக! கதையின் பாதியில் அவரையே ஓர் இயந்திரம் பிரதியெடுத்து விடுகிறது. அதற்குப் பிறகு முகத்தில் உணர்ச்சியே காட்டாமல் நடிக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டிலும் அவர் கண்கள் பேசின. பார்த்தவர்கள் இன்றும் அந்த மொட்டைத் தலையைத்தான் முதலில் நினைவுகூர்கிறார்கள்.

1980-இல் ஆஸ்கார் மேடையில் விருது வழங்க அழைக்கப்பட்டார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர் என்பார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் நடந்த கார் விபத்தில் தலையில் பலத்த காயம். சில்வஸ்டர் ஸ்டாலோனுடன் 'நைட்ஹாக்ஸ்' படத்திலும் தோன்றினார்.

1982-இல் வந்த 'மெகாபோர்ஸ்' ஓர் அறிவியல் புனைவு அதிரடிப் படம். அதில் அவர் இராணுவ மேஜர். வைத்த சோதனைகளில் எல்லாம் தேறியும், வெளியாள் வந்தால் குழு ஒற்றுமை கெடும் என்று கதாநாயகன் அவரைப் போருக்குச் சேர்க்க மறுக்கிறான். படம் ஓடவில்லை. ஓடாததில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றாலும், பெர்சிஸின் ஹாலிவுட் வாழ்க்கையே அந்தக் காட்சியில் இருப்பதுபோல் தோன்றுகிறது.

1983-இல் இருதய அறுவைச் சிகிச்சை. பிறகு மும்பை திரும்பினார். இந்திய அழகிகளைப் பற்றி 1997-இல் நூல் வெளியிட்டு, அதை அன்னை தெரேசாவுக்குக் காணிக்கையாக்கினார். மறு ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 49.

2017-இல் புதிய ஸ்டார் டிரெக் தொடரில் கப்பலின் கேப்டனாக வந்தவர் நம் ஈப்போவில் பிறந்த மிஷெல் இயோ. அவரும் முன்னாள் அழகு ராணிதான். அவருக்குத் தலைமுடியை எடுக்கும் வேலை இருக்கவில்லை. ஆசியப் பெண்ணாகவே வந்தார்.