ஆசனம் அளியாத மதிப்பு: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

நமது கல்லூரி வாயிலைக் கடந்து சென்ற மாணவர் பலர் இன்று கந்தோர்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் தலைமைப் பதவி வகிக்கின்றனர். இன்னும் பலர் நாளை வகிப்பர். நியமனக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆசனம் கிடைத்துவிடுகிறது. ஆனால், அவ்வாசனத்தில் அமர்ந்தவரிடத்துக் கீழுள்ளோர் உள்ளத்தால் வைக்கும் மதிப்பு எந்தக் கடிதத்தோடும் வருவதில்லை. அதனைச் சிலர் உடையிலே தேடுகின்றனர். சிலர் உரத்த குரலிலே தேடுகின்றனர். வேறு சிலர் மேசைமணியை அடிக்கடி அடிப்பதிலே தேடுகின்றனர். அது மெய்யாக எங்கே கிடைக்கும் என அறிய விரும்புவோர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் வரலாற்றைக் கற்றல் வேண்டும். அரசியற் பெருந்தலைவர் என்றே அவரை நம்மவர் பெரிதும் நினைவுகூருவர். அவர் 38 ஆண்டுகள் அரசாங்க உத்தியோகத்தராய்க் கோவைகளுக்கும் எழுதுவினைஞருக்கும் நடுவே வாழ்ந்தவர் என்பது பலர் மறந்த செய்தி. அப்பகுதியையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார்கள். தந்தையார் கேற் முதலியார் பொன்னம்பலம். கொழும்புக் கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நிறுவியவர். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி. மூத்த சகோதரர் இருவர்: குமாரசுவாமி, இராமநாதன். இத்தகைய குடியிற் பிறந்தவர்க்குப் பெருமை பிறப்போடு வந்தது எனச் சிலர் எண்ணலாம். பிறப்பால் வரும் பெருமை ஒருவரைக் கதவுவரை கொண்டுசென்று விடும். உள்ளே நிலைபெறச் செய்வது வேறு. கொழும்பு அக்கடமியிலே, பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற அவ்விடத்திலே, கற்று, இங்கிலாந்து செல்வதற்குரிய புலமைப்பரிசிலைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ற் கல்லூரியை அடைந்தார்கள். ஆங்குச் சட்டத்தரணியாதற்குரிய தகைமையையும் பெற்றார்கள். 1875ஆம் ஆண்டிலே, திறந்த போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெயரோடு தாயகம் மீண்டார்கள்.

அக்காலச் சிவில் சேவையின் இயல்பை இளமாணாக்கர் உணர்தல் வேண்டும். அதன் உயர்படிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியனவாய் இருந்தன. ஒரே பரீட்சையிற் சித்தியெய்தி ஒரே சேவையில் இருந்தபோதிலும், நிறத்தால் வேறுபட்டவர் எப்பொழுதும் ஐயத்தோடு நோக்கப்பட்டார். அத்தகைய சூழலிலே ஒருவர் இருவகையாற் கெடலாம். மேலோரைப் போலி செய்து தம்மவரை இகழத் தொடங்கலாம். அன்றேல் மனங்கசந்து கடமையிற் சோர்வடையலாம். அருணாசலம் அவர்கள் இரண்டையும் விலக்கினார்கள். பல ஊர்களிலே நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றினார்கள். வழக்கைப் பொறுமையோடு கேட்டு, சட்டத்தை நுணுகி ஆராய்ந்து, தெளிவாகத் தீர்ப்பெழுதினார்கள். பிரதம நீதியரசராயிருந்த சேர் ஜோன் பியர் அவருடைய நீதித்திறனைப் பாராட்டினார்.

1887ஆம் ஆண்டிலே தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அவரைப் பதிவாளர் நாயகமாகவும் மேல்மாகாணப் பிஸ்காலாகவும் நியமித்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்தும் நிரம்பவில்லை. சேவையில் அவருக்கு மூத்தவர் பலர் இருக்க, அவர்களைக் கடந்து இந்நியமனம் வழங்கப்பட்டதால் எதிர்ப்பு எழுந்தது. ஆசனம் கிடைத்தது, ஆனால் மதிப்போ மறுக்கப்பட்டது. இளைஞர் ஒருவர், அதிலும் நாட்டவர் ஒருவர், தமக்கு மூத்தோர் மனம் புழுங்க ஒரு பெருந்திணைக்களத்தின் தலைவராக வந்து அமர்கின்றார். அவர் செய்வது யாது எனப் பலரும் பார்த்திருந்தனர்.

அத்திணைக்களம் அக்காலத்திற் சீர்குலைந்து கிடந்தது. காணிகளுக்குரிய உறுதிகள் ஆங்கே பதியப்பட்டன. ஆயின், எந்தக் காணியை எந்த உறுதி பாதிக்கின்றது எனக் கண்டறியத்தக்க செவ்விய அட்டவணை இல்லை. அட்டவணை இல்லாத இடத்தில் வஞ்சகர்க்கு வாழ்வு. ஒரு காணியை இருவர்க்கு விற்பதும், பொய்ச்சத்தியம் செய்வதும் எளிதாயின. நேர்மையாளரோ தம் காணியின் உண்மையை அறிவதற்கு நாட்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது. காணியே உயிராகக் கொண்ட நம் நாட்டிலே இதனால் விளையும் துயர் எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

புதிய தலைவர் ஆணைகளை முழங்கவில்லை. முதலில் வேலையைக் கற்றார். உறுதி ஒன்று கந்தோருக்குள் வந்தது முதல் பதியப்பட்டு வெளியேறும்வரை நிகழ்வனவற்றை ஆராய்ந்தார். தாமதத்தை வளர்த்த வீண் சம்பிரதாயங்களை நீக்கினார். பதிவேடுகளுக்கு முறையான அட்டவணைகளை ஆக்குவித்தார். ஆவணங்களுக்கென ஒரு காப்பறையை அமைத்து, வேண்டிய பத்திரத்தை வேண்டிய பொழுதில் எடுக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினார். பிஸ்கால் பகுதியையும் இவ்வாறே திருத்தினார். ஒரு வேலையின் அடிமுடியை அறிந்தவர் முன் பொய்ச்சாட்டுச் சொல்ல எவரும் துணியார். அருணாசலம் அவர்களின் மிடுக்குக்கு முதற்காரணம் இவ்வறிவே என்பது நமது துணிபு.

இரண்டாவது காரணம் இதனினும் அரியது. அக்கந்தோரின் எழுதுவினைஞர் பலர் வட்டிக்குக் கடன் கொடுப்போரின் கையிற் சிக்கியிருந்தனர். சம்பள நாளன்று சம்பளம் வட்டிக்காரனுக்கே சென்றது. கடன்பட்டவன் கை இலஞ்சத்துக்கு நீளுதல் இயல்பு. வேறொருவராயின் குற்றவாளிகளைத் தண்டித்து அமைந்திருப்பர். அருணாசலம் அவர்கள் குற்றத்தின் வேரை நோக்கி, உத்தியோகத்தர்க்கென ஓர் உதவிநிதியைத் தொடக்கினார்கள். அதனால் எழுதுவினைஞர் பலர் கடன்பிடியினின்றும் மீண்டனர். அவர்தம் அறிவு வளர்ச்சிக்கென ஒரு வாசிப்பறையையும் திணைக்களத்திலே அமைத்தார்கள். தன் வீட்டு அடுப்பின் நிலையையும் அறிந்து உதவும் தலைவர் கண்டிக்கும்போது, அக்கண்டிப்பைத் தந்தையின் சொல்லாக ஊழியன் ஏற்கின்றான். கண்டிப்பும் கருணையும் ஒருவரிடத்தே கூடினாலன்றித் தலைமை சிறவாது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஓர் உறுதியின் பிரதியைப் பெறும்பொருட்டு ஒரு கந்தோருக்குச் சென்றிருந்தோம். எந்தக் கந்தோர் என்பது வேண்டா. மூன்று முறை சென்றும் கோவை அகப்படவில்லை. நான்காம் முறை, தலைமை எழுதுவினைஞர் ஒருவர் தாமே எழுந்து உட்சென்று, தூசி படிந்த கையோடு அதனைக் கொணர்ந்து தந்தார். அவர் அதிகம் பேசவில்லை. ஆயினும் அக்கந்தோரில் இருந்தோர் யாவரிலும் அவரே தலைவராக நமக்குத் தோன்றினார். அன்று மாலை வீடு திரும்பும்போது அருணாசலம் அவர்களின் காப்பறையை நினைந்துகொண்டோம்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பெரும்பொறுப்பும் அவரையே சார்ந்தது. மார்ச் மாதம் முதலாந் திகதி இரவு நாடு முழுவதும் மக்கள் எண்ணப்பட்டனர். வீதியும் வண்டியும் அரிதான காடுகளிலும், மலைத்தோட்டங்களிலும், கரையோரக் குடிசைகளிலும் வாழ்ந்தோரை ஒரே கணக்கிற் கொணர்வது எளிய செயலன்று. எண்ணியெடுத்த தொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்து 954. அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய அறிக்கை வெறும் எண்களின் தொகுதியாய் அமையவில்லை. இந்நாட்டு மக்களின் வரலாறு, மொழி, சமயம், வழக்கம் ஆகியன அதிலே புலமையோடு விளக்கப்பட்டன. எண்களுக்குப் பின்னே மனிதரைக் கண்டவர் எழுதிய அறிக்கை அது.

இத்துணை வேலைகளுக்கிடையே அவர் உள்ளம் வேறோர் ஆழத்திலும் தங்கியிருந்தது. சைவசித்தாந்த நூல்களிலும் திருவாசகத்திலும் தோய்ந்து, அவற்றிற் சில பகுதிகளை ஆங்கிலத்தில் ஆக்கினார்கள். கேம்பிரிட்ஜிலே நண்பரான எட்வேட் காப்பென்ரர் என்னும் ஆங்கில அறிஞர் 1890ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தபோது, தாம் குருவாகப் போற்றிய ஞானியாரிடத்து அவரை ஆற்றுப்படுத்தினார்கள். புகழும் இகழும் வந்து மோதும் பதவியிலே நிலைகுலையாதிருப்பதற்கு அகத்தே ஒரு நிலைக்களம் வேண்டும். அது அவருக்கு வாய்த்திருந்தது.

ஓய்வுக்கு முன் நிர்வாக சபையிலும் இடம்பெற்ற அவர், 1913இல் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றார்கள். 1914இல் சேர் பட்டம் வந்தது. பலர்க்கு ஆசனம் நீங்கினால் மதிப்பும் நீங்கும். நேற்றுவரை எழுந்து நின்றவர் இன்று வீதியிற் கண்டும் காணாதவர் போற் செல்வர். அருணாசலம் அவர்களின் பெருமையோ ஆசனம் நீங்கிய பின்னரே ஓங்கியது. 1915இல் சமூகசேவைச் சங்கத்தை நிறுவி ஏழைகளின் சேரிகளை நோக்கிச் சென்றார்கள். 1917இல் நாட்டின் அரசியற் தேவைகள்பற்றிப் பேருரையாற்றிச் சீர்திருத்த இயக்கத்துக்கு வித்திட்டார்கள். 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்து, தோட்டத் தொழிலாளர் வேலையொப்பந்தத்தை மீறினாற் சிறையிடும் கொடிய சட்டத்தை எதிர்த்தார்கள். பல்கலைக்கழகம் வேண்டும் என 1906 முதல் இயங்கிய சங்கத்துக்கும் அவரே உயிராய் விளங்கினார்கள். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆந் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது, சிங்களரும் தமிழரும் ஒருங்கே அவரை முதற்றலைவராக ஏற்றனர்.

இவ்விடத்தில் நிறுத்திவிடின் இது இனிய கதையாகும். ஆயினும் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. காங்கிரசிலே தமிழரைச் சேர்ப்பதன்பொருட்டு, மேல்மாகாணத்திலே தமிழர்க்கென ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்பதாக ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம என்னும் தலைவர் இருவர் 1918இல் எழுத்துமூலம் உறுதியளித்திருந்தனர். அதனை நம்பியே அருணாசலம் அவர்கள் யாழ்ப்பாணத்துத் தலைவர்களை இணங்கச் செய்தார்கள். பின்னர் அவ்வாசனம் கிட்டவில்லை. உறுதியின் பொருள் யாது என்பதிலே இருசாராரும் மாறுபட்டனர். 1921இல், தாம் தலைமைதாங்கித் தொடக்கிய காங்கிரசை விட்டே அவர் வெளியேறினார்கள். 1923இல் தமிழர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள்.

உறுதிகளின் சொற்களைத் தெளிவாக்கிப் பதிந்து, ஊரார் காணிகளைக் காத்தவர் அவர். அவருக்கே தம் வாழ்வின் பெரிய உறுதி ஒன்று பொருள் மயங்கிக் கைநழுவியது. ஒரு கந்தோரைத் திருத்தத் தலைவர் ஒருவரின் நேர்மை போதும். ஒரு நாட்டைச் சேர்த்து நடத்தப் பலருடைய நேர்மை வேண்டும். ஒருவரின் ஆளுமை எத்துணை உயர்ந்ததாயினும் ஏனையோரின் வாக்கை அவர் காத்தல் இயலாது. ஆயினும் தம் வாக்கைக் காத்தல் அவர் கையில் இருந்தது. தம்மை நம்பி வந்தோர்க்குப் பதில் சொல்லவேண்டியவர் தாமே என்பதை உணர்ந்து, புகழ்மிக்க ஆசனத்தை விடுத்தார்கள். அவர் விலகியது சரியோ என வரலாற்றாசிரியர் வாதிடட்டும். தம் பேரில் அளித்த வாக்குக்காக உயர்ந்த இடத்தைத் துறக்கத் துணிந்தவர் என்பதை எவரும் மறுத்தல் இயலாது.

1924ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆந் திகதி, தலயாத்திரை சென்றிருந்தபோது மதுரையிலே அவர் இறைவனடி சேர்ந்தார்கள். 1930இல் கொழும்பிலே அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அன்பார்ந்த மாணவர்களே! நீங்கள் ஒருநாள் ஒரு மேசையின் பின்னே அமர்வீர்கள். அன்று உங்கள் முன் நிற்பவர் ஏழைக் கமக்காரராகவோ, கடன்பட்ட எழுதுவினைஞராகவோ இருக்கலாம். அவருடைய கோவை எங்கே இருக்கின்றது என்பதையும், அவருடைய துயர் எங்கே இருக்கின்றது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சொன்ன சொல்லைக் காத்துக்கொள்ளுங்கள். மதிப்பு எங்கே என நீங்கள் தேடவேண்டியதில்லை. அது உங்களைத் தேடி வரும். ஆசனத்தை விட்டு எழுந்து வீடு செல்லும் நாளிலும் அது உங்களோடு உடன்வரும்.